ராஜாக்களைப் பிரித்துக் கட்டிய எழுத்தர்

2021 ஏப்ரல் 3-ஆம் தேதி கெய்ரோவில் நடந்த மம்மி ஊர்வலத்தை நான் போனில் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்திலிருந்து ஃபுஸ்தாத்தில் இருக்கும் புதிய அருங்காட்சியகத்துக்கு 22 பேர் குடிபோனார்கள். 18 ராஜாக்கள், 4 ராணிகள், ஆளுக்கு ஒரு வண்டி, வண்டியின் பக்கவாட்டில் பெயர், வாத்தியம், குதிரைகள், போய்ச் சேர்ந்ததும் 21 குண்டு மரியாதை, வரவேற்க நாட்டின் அதிபர். எல்லாம் பிரமாதம்தான். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது: இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீடு மாறுவது ஒன்றும் புதிதில்லையே. 3000 வருஷத்துக்கு முன்பே இவர்களைத் தூக்கிக்கொண்டு ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு அலைந்த ஆட்கள் உண்டு. அதில் ஒருவருடைய பெயர், கையெழுத்து, வீடு, சவப்பெட்டி, செத்துப்போன மனைவிக்கு அவர் எழுதிய கடிதம் வரை நமக்குக் கிடைத்திருக்கிறது. புதெஹாமுன் என்று பெயர். எழுத்தர் வேலை. அவருக்கு எந்த வண்டியும் இல்லை.

எகிப்து என்றால் நம் எல்லோருக்கும் பிரமிடு, துட்டன்காமன், அப்புறம் நேராகக் கிளியோபாட்ரா. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கிடக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. அதில் ஒரு நானூறு வருஷத்துக்குப் புத்தகங்களில் 'மூன்றாம் இடைக்காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என்னவோ யாருக்காகவோ இடம் பிடித்து வைத்திருந்த மாதிரி. எனக்கு இந்தக் காலம்தான் ரொம்பப் பிடிக்கும். காரணம், இங்கே ராஜாக்கள் சிலைமாதிரி நிற்பதில்லை. பணம் இல்லாமல் திண்டாடுகிறார்கள், பூசாரிகள் படைத்தளபதிகளாக இருக்கிறார்கள், கடவுளே கையெழுத்துப் போடாத குறையாக அரசாணை பிறப்பிக்கிறார்.

கதை கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறது. ஒன்பதாம் ராமேசஸ் ஆட்சியின் 16-ஆம் வருஷம், அதாவது கி.மு. 1110-ஐ ஒட்டி, தெற்கே தீப்ஸ் நகரத்தில் கல்லறைத் திருடர்களைப் பிடித்து விசாரித்த பதிவு பாபிரஸ் என்ற நாணல் தாளில் அப்படியே இருக்கிறது. அமென்பனூஃபர் என்ற கல்தச்சர் தன் கூட்டாளிகளோடு இரண்டாம் சோபெகெம்சாஃப் என்ற பழைய ராஜாவின் கல்லறைக்குள் சுரங்கம் குடைந்து போயிருக்கிறார். ராஜா, ராணி இருவர் மேலும் இருந்த தங்கத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். மொத்தம் 160 தெபென் தங்கம், இன்றைய கணக்கில் 14 கிலோவுக்கு மேல். எட்டுப் பேர், தலைக்கு 20 தெபென். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. அந்த ஆளை ஒருமுறை ஊர்க்காவல்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். தன் பங்கு 20 தெபெனையும் ஓர் எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்துவிடுகிறார். திரும்பிப் போய்க் கூட்டாளிகளிடம் சொன்னதும் அவர்கள் தங்கள் பங்கிலிருந்து எடுத்து அவருக்கு மறுபடி ஒரு பங்கு கொடுக்கிறார்கள். திருடர்களுக்குள் என்ன ஒரு நேர்மை! இதையெல்லாம் அவரே வாக்குமூலத்தில் சொல்ல, நீதிமன்ற எழுத்தர் சிரத்தையாக எழுதி வைத்திருக்கிறார்.

அதே ராமேசஸ் காலத்தில், தீப்ஸில் இருக்கும் அமூன் கடவுளின் கர்னக் கோவில் சுவரில் ஒரு சிற்பம் செதுக்கினார்கள். தலைமைப் பூசாரி அமென்ஹோதேப்புக்கு ராஜா வெகுமதி கொடுக்கிற காட்சி. எகிப்தில் ராஜாவைப் பெரிதாகவும் மற்றவர்களை முழங்கால் உயரத்துக்கும் செதுக்குவதுதான் வழக்கம். இந்தச் சுவரில் ராஜாவும் பூசாரியும் ஒரே உயரம். அங்கே போய் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, படத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

பதினோராம் ராமேசஸ் காலத்தில் எல்லாம் ஒரேயடியாக உடைந்தது. தீப்ஸில் கலவரம். அதை அடக்க, எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் ஆளுநர் பானெஹ்சி படையோடு வந்தார், வந்தவர் தலைமைப் பூசாரியையே பதவியிலிருந்து இறக்கினார், கடைசியில் அவரே எதிரியாகித் தெற்கே விரட்டப்பட்டார். இதில் அடிபட்டது தங்கம். எகிப்தின் தங்கச் சுரங்கங்கள் பெரும்பாலும் நூபியாப் பக்கம், நூபியா இப்போது பானெஹ்சி கையில். தீப்ஸுக்கு வர வேண்டிய வரத்து நின்றுபோயிற்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடப்பது எல்லாம் புரியும்.

பானெஹ்சியோடு சண்டை போடப் போனவர் பியான்க். தலைமைப் பூசாரியும் அவரே, தளபதியும் அவரே. அவருடைய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன, படித்தால் கொஞ்சம் குலைநடுங்கும். ஊரில் இரண்டு காவல்காரர்கள் ஏதோ வாய்விட்டிருக்கிறார்கள். விசாரியுங்கள், உண்மை என்று தெரிந்தால் இரண்டு கூடைகளில் போட்டு ராத்திரியில் தண்ணீரில் எறிந்துவிடுங்கள், ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதுகிறார். அதில் ஒருவர் நோட்ஜ்மெத் என்ற சீமாட்டி, இன்னொருவர் கல்லறை எழுத்தர் தூத்மோஸ். அந்தக் கடிதத்திலேயே போகிற போக்கில் ஒரு வரி: பாரோ (அதாவது ராஜா) எப்படி இந்த நாட்டுக்கு வந்து சேர்வார், அவர் இன்னும் யாருக்குத்தான் எஜமான்? உயிரோடு இருக்கிற கடவுளின் மகனைப் பற்றி, கடவுளின் பூசாரி எழுதியது இது.

அந்தத் தூத்மோஸின் மகன்தான் நம் புதெஹாமுன். பரம்பரையாகவே ராஜாக்களின் கல்லறை வேலைக்குக் கணக்கு எழுதுகிற குடும்பம். பழைய வேலையாட்கள் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, பாதுகாப்புக்காக மெதினெத் ஹபு கோவிலின் பெரிய மதிலுக்குள் குடியேறியவர்கள். புதெஹாமுன் வீட்டுத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. வயதான அப்பா, பியான்க்கோடு நூபியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து மகனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். அமூனுக்குத் தண்ணீர் வார்த்து என்னைத் திரும்பக் கொண்டுவரச் சொல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள். எந்த ஊர், எந்த நூற்றாண்டு அப்பாவானாலும் இதைத்தான் எழுதியிருப்பார்.

இதே கட்டுக் கடிதங்களில் இன்னொன்று இருக்கிறது. பழைய கல்லறைகளில் ஒன்றைத் திறந்து, நான் வரும்வரை அதன் முத்திரையைக் காத்து வையுங்கள் என்று பியான்க் இட்ட உத்தரவு. புதெஹாமுனும் ஆட்களும் உத்தரவு வந்து சேர்ந்தது என்று பதில் எழுதியிருக்கிறார்கள். முதல் முறை இதைப் படித்தபோது ஏதோ பராமரிப்பு வேலை என்றுதான் நினைத்தேன். அப்புறம் நூபியாத் தங்கத்தையும் போர்ச் செலவையும் சேர்த்து யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஆய்வாளர்களில் பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். கல்தச்சர் அமென்பனூஃபர் செய்தால் திருட்டு, சாட்டையடி. தளபதி கடிதம் போட்டு எழுத்தர் ஏட்டில் பதிந்து செய்தால் அரசாங்க நடவடிக்கை. ராஜாக்களின் பள்ளத்தாக்கு அவர்களுக்குக் கிட்டத்தட்ட வங்கி லாக்கர் மாதிரி, சாவி புதெஹாமுன் குடும்பத்திடம்.

பணமுடை எவ்வளவு என்று பார்க்க வெனாமுன் கதை போதும். அமூனின் படகு செய்யத் தேவதாரு மரம் வாங்கிவரத் தலைமைப் பூசாரி ஹெரிஹோர் அனுப்பிய தூதர் வெனாமுன். வழியில் தோர் துறைமுகத்தில் சொந்தக் கப்பல் ஆளே பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். இன்றைய லெபனானில் உள்ள பிப்லோஸ் போய்ச் சேர்ந்தால் அந்த ஊர் இளவரசன் 29 நாள், தினமும், என் துறைமுகத்தை விட்டுப் போ என்று ஆள் அனுப்புகிறான். கடைசியில் வடக்கே தானிஸ் நகரத்திலிருந்து ஆண்ட சிமெண்டெஸ் தங்கம், வெள்ளி, துணி, 500 மாட்டுத்தோல், 20 மூட்டை அவரை வகைத் தானியம், 30 கூடை மீன் என்று அனுப்பிய பிறகுதான் மரம் வெட்டுகிறார்கள். இது நடந்த சம்பவத்தின் அறிக்கையா, யாரோ எழுதிய கதையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கதையானாலும் படிப்பவர்கள் நம்பித் தலையாட்டியிருப்பார்கள் அல்லவா, அதுதான் விஷயம். நூறு வருஷம் முன்னால் எகிப்தியத் தூதரை யாரும் இப்படி அலைக்கழித்திருக்க மாட்டார்கள்.

ஹெரிஹோரைப் பற்றி ஒரு சின்னச் சமாச்சாரம். கர்னக்கில் கோன்சு கோவில் உள்மண்டபத்தில் அவர் பதினோராம் ராமேசஸுக்கு அடங்கிய பூசாரியாக வருகிறார். அதே கோவிலின் முன்முற்றத்துக்கு வந்தால் தலையில் கிரீடம், பெயரைச் சுற்றி ராஜாக்களுக்கு மட்டுமே உரிய நீள்வட்டக் கட்டம். சரி, ராஜாவாகிவிட்டார். ராஜாவானால் ஓர் ஆட்சிப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமே, அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதினார் தெரியுமா? 'அமூனின் தலைமைப் பூசாரி.' அவ்வளவுதான். பதவிப் பெயரையே ராஜப் பெயராக எழுதிக்கொண்ட ஆள். ஹெரிஹோர் முந்தியா பியான்க் முந்தியா என்பதில் ஆய்வாளர்களிடையே 30 வருஷத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது, நான் அதில் தலையிடப் போவதில்லை.

ராமேசஸ் போன பிறகு வடக்கே தானிஸில் ராஜா, தெற்கே தீப்ஸில் பூசாரி என்று நாடு இரண்டாயிற்று. இரண்டாயிற்று என்று சொன்னாலும் பங்காளிச் சண்டை மாதிரிகூட இல்லை, ஒரே குடும்பம்தான். பியான்க்கின் மகன் முதலாம் பினெட்ஜெம் தெற்கில் பூசாரி, பிறகு ராஜா. அவர் மகன்களில் சுசென்னெஸ் வடக்கில் ராஜாவாக உட்கார, மென்கெபெர்ரே தெற்கில் தலைமைப் பூசாரி. நடைமுறையில் ஆண்டது அமூன் என்று சொல்ல வேண்டும், அதாவது அமூனின் படகு. திருவிழாவில் பூசாரிகள் தோளில் சுமந்து வரும் படகின் முன் கேள்வியை வைப்பார்கள். படகு முன்னால் நகர்ந்தால் ஆம், பின்னால் போனால் இல்லை. பதவி நியமனம், சொத்து வழக்கு, திருட்டுப் புகார், பாலைவனச் சோலைக்கு நாடுகடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைக்கலாமா என்பது வரை எல்லாம் இப்படித்தான். படகைச் சுமப்பது யார், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் பினெட்ஜெம்மின் மனைவி நெஸ்கோன்ஸ் இறந்தபோது அமூன் பிறப்பித்த ஆணை ஒன்று முழுசாகக் கிடைத்திருக்கிறது. அவளைத் தெய்வமாக்குகிறேன் என்று ஆரம்பித்து, நைசாக, அவள் தன் கணவனுக்கு எந்தத் தீங்கும் செய்யாதபடி அவள் நெஞ்சைத் திருப்பிவைக்கிறேன் என்று போகிறது. உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் என்ன நடந்ததோ! போதாததற்கு, கல்லறையில் அவளுக்காக வேலை செய்ய வைக்கும் ஷப்தி பொம்மைகளுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, ஆகவே அவை ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும் என்று தனியாக இன்னோர் ஆணை. பொம்மைக்குக் கொடுத்த கூலிக்குக் கடவுளிடம் ரசீது.

இப்போது ராஜாக்களின் பள்ளத்தாக்குக்கு வருவோம். இந்தப் பூசாரி ராஜாக்களின் காலத்தில், சில தலைமுறைகளுக்குள், அங்கிருந்த கல்லறைகள் ஏறக்குறைய எல்லாம் காலி செய்யப்பட்டன. மம்மியை வெளியே எடுத்து, கட்டைப் பிரித்து, திருடர்கள் விட்டுவைத்தது இருந்தால் அதையும் எடுத்து, பெட்டியில் இருந்த தங்கத் தகட்டை வாய்ச்சியால் சீவி எடுத்து (அந்த வெட்டுத் தடங்கள் மரத்தில் இன்றும் தெரியும்), புதுத் துணியில் சுற்றி, சாதாரணப் பெட்டியில் வைத்து, பெட்டி மேல் மையால் பெயரும் தேதியும் யார் உத்தரவு, யார் செய்தது என்பதும் எழுதி, வேறு குழிக்கு மாற்றினார்கள். மூன்றாம் ராமேசஸின் துணியில் 13-ஆம் வருஷம் என்று தேதி போட்டு, தலைமைப் பூசாரி பினெட்ஜெம் உத்தரவுப்படி என்று எழுதி, செய்தவர்களில் ஒருவராகப் புதெஹாமுன் பெயர் இருக்கிறது.

இதைக் கொள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டால் வேலை சுலபம். முதலாம் பினெட்ஜெம், பழைய ராஜா முதலாம் தூத்மோஸின் பெட்டியை எடுத்துச் சீர்செய்து தானே படுத்துக்கொண்டார். சுசென்னெஸுக்கு வெளிப்பெட்டியாகப் பழைய ராஜா மெர்னெப்தாவின் கருங்கல் பெட்டி இங்கிருந்து ஆற்று வழியே தானிஸ் வரை போயிருக்கிறது. அதை 1940-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் மொந்தே திறந்தபோது உள்ளே தங்க முகமூடியும் வெள்ளியில் செய்த உள்பெட்டியும் இருந்தன. திருடர் கைபடாத கல்லறை. உலகம் முழுக்கப் போர் நடந்துகொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இல்லையென்றால் துட்டன்காமனோடு சேர்த்துச் சொல்லும் பெயராக இருந்திருக்கும். கவனியுங்கள், அந்தக் கல்லறை தூரத்துப் பள்ளத்தாக்கில் இல்லை, கோவில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. ஒதுக்குப்புறமாகப் புதைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் குடும்பத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மூன்றாம் தூத்மோஸின் உடல் திருடர்கள் கையில் துண்டுதுண்டாகியிருந்தது. துடுப்புகளை வைத்துக் கட்டி, ஆள் மாதிரி நிமிர்த்தியிருக்கிறார்கள். எலும்பு முறிந்த குழந்தைக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது போல. ராஜா முதலாம் அமென்ஹோதேப்பின் மம்மியை நம் காலத்தில் யாரும் பிரிக்கவே இல்லை, மாலைகளோடு அவ்வளவு அழகாக இருந்தது. பெட்டியைத் திறந்தபோது பூவுக்கு வந்து மாட்டிக்கொண்ட ஒரு குளவியும் உள்ளே இருந்தது. சிடி ஸ்கேன் எடுத்து 2021 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். கழுத்து உடைந்து தலை தனியாகியிருந்ததைப் பிசின் தடவிய துணிப்பட்டையால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே 30 தாயத்துகள், தங்க மணி கோத்த அரைக்கச்சை, எல்லாம் அப்படியே. ஸ்கேன் செய்த கதிரியக்க மருத்துவர் சஹர் சலீம், பூசாரிகள் நகைகளைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று முதலில் சந்தேகித்தவர்தான், இந்த ஒருவர் விஷயத்திலாவது அது தப்பு என்று தெரிந்தது. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இந்த அமென்ஹோதேப் கல்லறை வேலையாட்களின் குலசாமி மாதிரி. அவருக்கும் அவர் அம்மாவுக்கும் புதெஹாமுனின் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்தவர்கள். உத்தரவு எதுவாக இருந்தாலும் அந்த உடம்பிலிருந்து கழற்றக் கை வந்திருக்காது.

கடைசியில் ஏறக்குறைய 50 பேரை தெயிர் எல்-பஹ்ரி அருகே மலையில் இருந்த பினெட்ஜெம் குடும்பக் குழிக்குள் அடுக்கி மூடினார்கள். 2800 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1870-களில் குர்னா கிராமத்து அப்துல் ரசூல் குடும்பம் அதைக் கண்டுபிடித்து, பத்து வருஷம் போல, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றது. மாட்டிக்கொடுத்தது எது தெரியுமா? சந்தைக்கு வந்த ஷப்திகளிலும் பாபிரஸ்களிலும் பினெட்ஜெம் குடும்பத்தின் பெயர்கள் இருந்தன. அந்தக் குடும்பக் கல்லறை எங்கேயும் கண்டுபிடிக்கப்படவில்லையே என்று எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவர் மாஸ்பெரோவுக்குச் சந்தேகம் வந்தது. 1881 ஜூலையில் அவருடைய உதவியாளர் எமில் புருக்‌ஷ் மெழுகுவத்தியோடு உள்ளே இறங்கியபோது பூசாரிகளை எதிர்பார்த்துத்தான் போனார். வெளிச்சத்தில் தெரிந்த பெயர்கள் சேத்தி, தூத்மோஸ், ராமேசஸ். அவசர அவசரமாக இரண்டு நாளில் காலி செய்து படகில் ஏற்றினார்கள். படகு கடந்தபோது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள் என்று மாஸ்பெரோ எழுதியிருக்கிறார்.

1886-இல் மாஸ்பெரோ இரண்டாம் ராமேசஸின் துணியை எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் முன்னால் கால்மணி நேரத்தில் அவிழ்த்தார். உள்ளே இருப்பது அவர்தான் என்று எப்படித் தெரியும்? பூசாரிகளின் எழுத்தர்கள் மையால் எழுதி வைத்த குறிப்புதான். அது இல்லையென்றால் அந்தக் கொக்கி மூக்குக் கிழவர் யாரோ ஒரு கிழவர்.

புதெஹாமுனின் மனைவிக்கு அக்தாய் என்று பெயர், அமூன் கோவில் பாடகி. அவள் இறந்த பிறகு அவர் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது கிடைத்திருக்கிறது. கடிதம் அவளுக்கு நேராக இல்லை, அவள் படுத்திருக்கும் பெட்டிக்கு. மதிப்புக்குரிய பெட்டியே, நான் சொல்வதைக் கேள், நீதானே அவள் பக்கத்தில் இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று அவளிடம் கேள், என்கிற மாதிரிப் போகிறது. எத்தனை பெட்டிகளைத் திறந்த கை அது! அந்தச் சில்லு இப்போது பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. அவருடைய சொந்தப் பெட்டிகள் இத்தாலியில், டூரினில்.